மெக்ஸிகோ பாணி பித்தளை பேண்டு தொடங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், மெக்ஸிகோவின் சினலோவா மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் ஒரு பேட்டையில் குடியிருக்கிறேன். ஆறு வருடமாக ஒரு சின்ன பேண்டில் வாசிக்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மாநிலத்து மஸத்லான் ஊர்க்காரர். அவரை எல்லோரும் ‘மாயெஸ்த்ரோ’ என்றுதான் கூப்பிடுவோம். நம் பக்கத்து ‘வாத்தியார்’ மாதிரி. நாங்கள் தொடங்கியபோது தடுமாறிய இடங்களையும், அதற்குப் பிறகு நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மெக்ஸிகோ பேண்டு என்றால் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு கிதார் வாசிப்பவர்கள்தானே?

இல்லை, அவர்கள் மரியாச்சி. வயலின், கிதார், பெரிய கித்தாரோன் எல்லாம் அதில் உண்டு. டிரம்பெட் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. நான் சொல்வது ‘பாந்தா’. ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு பேண்டு என்றே பொருள். இதில் தந்தி வாத்தியமே கிடையாது. கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், சர்ச்சேத்தா என்ற கொம்பு, டியூபா, மேளம், அவ்வளவுதான். பித்தளை பேண்டு என்று நாம் சொன்னாலும் கிளாரினெட் மர வாத்தியம். ஆனால் அது இல்லாமல் சினலோவா பேண்டு கிடையாது.

மெக்ஸிகோவில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வாசிப்பார்களா?

ஊருக்கு ஊர் வேறு. மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

வடமேற்கில் பசிபிக் கரையில் இருக்கும் சினலோவா மாநிலத்தின் பேண்டுதான் இன்று வானொலியிலும் கல்யாணத்திலும் அதிகம் கேட்பது. ஸகதேகாஸ் மாநிலத்தில் ‘தம்போராஸோ’ என்று ஒன்று உண்டு. சாக்ஸஃபோன், டிரம்பெட், டிராம்போனோடு மேளம் முன்னால் நிற்கும். பழைய முறையில் டியூபா இருக்காது. தெருத்தெருவாக நடந்துகொண்டே வாசிக்க ஏற்றது. தெற்கே வஹாக்காவில் ஊருக்கு ஒரு பேண்டு. அது வியாபாரக் குழு இல்லை, ஊரின் சொத்து. வாசிப்பவர்கள் கோவில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் ஊருக்குச் செய்யும் கடமையாக வாசிப்பார்கள். மிஹே மக்களின் மலை ஊரான சாந்தா மரியா த்லஹுயிதோல்தெபெக்கில் பிள்ளைகளுக்கு என்றே ஓர் இசைப்பள்ளி இருக்கிறது.

எதைத் தொடங்கப் போகிறீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். வாத்தியம், பாட்டு, வாசிக்கும் விதம் எல்லாம் அதைப் பொறுத்தே மாறும். இதற்கு மேல் நான் சொல்வது சினலோவா பாணியைப் பற்றி.

இது எப்படி வந்தது?

19-ஆம் நூற்றாண்டில் மெக்ஸிகோ முழுவதும் ராணுவ பேண்டுகள் இருந்தன. ஊர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிப்பார்கள். அந்த வாத்தியங்கள் மெல்ல ஊர்க்காரர்கள் கைக்கு வந்தன. மஸத்லான் துறைமுகத்தில் ஜெர்மன் வியாபாரிகளும் இருந்தார்கள். 1900-இல் அங்கே பசிஃபிகோ பீர் ஆலையைத் தொடங்கியவர்களும் ஜெர்மானியர்கள்தான். போல்கா, வால்ட்ஸ் என்ற ஆட்ட இசைகள் அந்தக் காலத்து ஐரோப்பாவிலிருந்து வந்து இந்த மண்ணோடு கலந்தன.

1938-இல் மஸத்லான் பக்கத்தில் எல் ரெகோதோ என்ற சின்ன ஊரில் குரூஸ் லிஸாராகா ஒரு பேண்டைத் தொடங்கினார். ஒரு பன்றியை விற்று முதல் கிளாரினெட்டை வாங்கினார் என்று இன்றும் எல்லோரும் சொல்வார்கள். அந்த பேண்டு இன்னும் இருக்கிறது. ‘எல்லா பேண்டுகளுக்கும் தாய்’ என்று அதற்குப் பட்டமே உண்டு. அவர் 1995-இல் இறந்தார். பிள்ளைகள் தொடர்ந்து நடத்துகிறார்கள். வெகுகாலம் இது வெறும் வாத்திய இசையாகவே இருந்தது. பாடகர் பேண்டின் நிரந்தர உறுப்பினராக ஆனது 1980-களின் கடைசியிலும் 90-களிலும்தான். 1992-இல் இங்கே லாஸ் ஏஞ்சலஸில் இந்த வகைப் பாட்டுகளைப் போட்ட ஒரு ஸ்பானிஷ் எஃப்எம் நிலையம் ஆங்கில நிலையங்களையும் தாண்டி நகரத்தின் முதலிடத்துக்கு வந்தது. அந்த வருடங்களில் இங்கே வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று பேண்டு நடத்துகிறார்கள்.

முழு பேண்டுக்கு எத்தனை பேர் வேண்டும்?

பதினான்கிலிருந்து பதினேழு. வழக்கமாக மூன்று கிளாரினெட், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், இரண்டு சர்ச்சேத்தா, ஒரு டியூபா, ஒரு தாரோலா, ஒரு தம்போரா. அப்புறம் ஒன்றோ இரண்டோ பாடகர்கள்.

மூன்று மூன்றாக ஏன்? மெட்டை ஒருவர் வாசிக்க, மற்ற இருவர் அதற்குக் கீழே இணைந்த சுரங்களை வாசிப்பார்கள். முதல் குரல், இரண்டாம் குரல், மூன்றாம் குரல் என்று பெயர். கிளாரினெட் கூட்டம் ஒரு வரி சொன்னால் டிரம்பெட் கூட்டம் பதில் சொல்லும், டிராம்போன் கூட்டம் அடியில் இழுக்கும். மூன்று குடும்பங்கள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் அந்தக் கனம் வராது.

தாரோலா என்பது குச்சியால் வாசிக்கும் ஸ்நேர் மேளம். கூடவே ஓரிரண்டு சின்ன மேளங்களும் மணியும் மாட்டியிருப்பார்கள். தம்போரா பெரிய இருமுக மேளம். பழைய ஆட்கள் சினலோவா பேண்டையே ‘தம்போரா’ என்றுதான் சொல்வார்கள்.

அவ்வளவு பேருக்கு எங்கே போவது? குறைந்தது எத்தனை பேரோடு தொடங்கலாம்?

எட்டுப் பேர் இருந்தால் ஒலி கிடைத்துவிடும். டியூபா, தம்போரா, தாரோலா, ஒரு சர்ச்சேத்தா, இரண்டு கிளாரினெட், இரண்டு டிரம்பெட். நாங்கள் ஏழு பேரோடு தொடங்கினோம். டிராம்போன் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. அதுவரை அந்த வரிகளை எல்லாம் மாயெஸ்த்ரோ வாயாலேயே பாடிக் காட்டுவார்.

ஆள் தேடுவதற்கு நல்ல இடம் மெக்ஸிகோ பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி பேண்டுகள், தேவாலயம், தாத்தா வாசித்த வாத்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் வீடுகள். கடைசியில் சொன்னதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் பேண்டின் இரண்டாவது கிளாரினெட் அப்படித்தான் கிடைத்தது, வாத்தியமும் பேரனும் சேர்ந்து.

முதலில் யாரைப் பிடிக்க வேண்டும்? நல்ல டிரம்பெட்காரரையா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நாங்களும் நினைத்தோம். டிரம்பெட்காரர்கள் தானாக வருவார்கள். நீங்கள் தேடிப் போக வேண்டியது தம்போராவையும் டியூபாவையும்.

மாயெஸ்த்ரோ முதல் நாள் எங்களிடம் செய்து காட்டியதைச் சொல்கிறேன். தம்போராவின் தலையில் ஒரு தாளத்தட்டு திருகி மாட்டியிருக்கும். வலது கையில் பஞ்சு சுற்றிய கோல், இடது கையில் இன்னொரு தட்டு. கோல் தோலில் விழும்போது ‘தும்’. அடுத்த கணம் இடது கைத் தட்டை மேலே இருக்கும் தட்டின் ஓரத்தில் லேசாகச் சறுக்கி அடித்தார்: ‘ச்சீஸ்’. அடுத்த முறை அதே தட்டை அழுத்திப் பிடித்து ஒலியை அடக்கினார்: ‘சக்’. திறந்த ஒலி, அடைத்த ஒலி, மேளம். இந்த மூன்றை வைத்தே ஐந்து நிமிடம் வாசித்தார். மெட்டே இல்லை. தெருவில் போன ஒரு அம்மா கேட்டுக்கு வெளியே நின்று இடுப்பை ஆட்டத் தொடங்கிவிட்டார். பாட்டு எதுவாக இருந்தாலும் ஆட வைப்பது அந்த இரண்டு கைகள்தான். மேளம் தள்ளாடினால் மேலே பதினைந்து பேர் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் அது பேண்டு மாதிரி கேட்காது.

டியூபா அடித்தளம். பழைய பாட்டில் அது ஒன்றும் இரண்டுமாக அடி போட்டுக்கொண்டு போகும். இப்போதைய பேண்டுகளில் வரிகளுக்கு இடையே ஓடி விளையாடும், தனி வாசிப்பே கேட்பார்கள். தொடங்குகிறவர்கள் அந்த ஓட்டத்தை ஒரு வருடம் ஒதுக்கி வைப்பது நல்லது.

சர்ச்சேத்தா என்றால் என்ன? கேள்விப்பட்டதே இல்லையே.

மூன்று வால்வு உள்ள, மேல்நோக்கிய வாய் கொண்ட நடுத்தர அளவு கொம்பு வாத்தியம். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகளில் இருக்கும் டெனார் ஹார்னின் உறவு. ‘ஆர்மோனியா’ என்றும் சொல்வார்கள். நான் வாசிப்பது இதுதான், அதனால் இதன் மேல் எனக்குப் பாசம் அதிகம்.

இதற்கு மெட்டே கிடையாது. வால்ட்ஸில் டியூபா முதல் அடியைப் போடும். இரண்டாவது, மூன்றாவது அடியில் இரண்டு சர்ச்சேத்தாவும் ‘ப, ப’ என்று குட்டையாக வெட்டும். ரஞ்செரா என்ற கிராமத்துப் பாட்டு வகையின் வேகத்தில் டியூபா ஓர் அடி, நாங்கள் ஓர் அடி. மூன்று மணி நேரக் கச்சேரி முழுக்க அடிக்கு நடுவே அடி. கேட்பவர்கள் எங்களைக் கவனிக்கவே மாட்டார்கள். ஒரு நாள் நாங்கள் இருவரும் வராமல் போனால் பாட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பார்கள்.

கிடைக்காவிட்டால் பிரெஞ்சு ஹார்னோ அணிவகுப்பு பேண்டின் மெல்லஃபோனோ வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் சர்ச்சேத்தாவின் அந்த வறண்ட வெட்டு அவற்றில் முழுசாக வராது.

வாத்தியம் புதிதா, பழையதா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மாணவர் தரத்தில் புதிதாகவே வாங்கலாம். டியூபா மட்டும் பெரிய செலவு. பேண்டுகளில் வைத்திருப்பது உடம்பைச் சுற்றித் தோளில் மாட்டும் சூசாஃபோன். பித்தளையில் செய்தது பெரும்பாலும் 13 கிலோவுக்குக் குறையாது. இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் பேசும். கண்ணாடி இழையில் செய்தது எடை குறைவு, ஒலியும் கொஞ்சம் குறைவு. பழையதை வாங்கிப் பழுது பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது.

நாங்கள் ஒரு முறை ஏமாந்தோம். இணையத்தில் படம் பார்த்து ஒருவரிடம் சூசாஃபோன் வாங்கினோம். பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஊதினால் கீழ் சுரங்கள் எல்லாம் காற்றாக வந்தன. இரண்டாவது வால்வு உறை நசுங்கி, யாரோ மேலே வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். பழுது பார்க்கக் கொடுத்த பணத்தில் இன்னொன்றே வாங்கியிருக்கலாம். அதனால் நேரில் போய், வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு பாருங்கள். ஒவ்வொரு வால்வையும் அழுத்தி விடுங்கள், தானாக மேலே வர வேண்டும். குழாய்களை இழுத்துப் பாருங்கள். ஒரு வால்வின் குழாயை இழுக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். வெளியே இருக்கும் சின்னச் சொட்டைகள் பரவாயில்லை, வால்வுப் பக்கத்துச் சொட்டை ஆகாது.

இன்னொன்று: டியூபாவைப் பூட்டி வையுங்கள். 2011, 2012 வாக்கில் தெற்கு கலிஃபோர்னியாவின் பள்ளிகளில் வரிசையாக டியூபாக்களும் சூசாஃபோன்களும் திருட்டுப் போயின. பாந்தா இசைக்கு இருந்த மவுசுதான் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். வாத்தியத்தின் தொடர் எண்ணைப் படம் எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

எங்களில் பாதிப் பேருக்கு நோட்டு படிக்கத் தெரியாது. முடியுமா?

முடியும். சினலோவாவில் காதால் கேட்டு வாசிப்பவரை ‘மூசிகோ லீரிகோ’ என்பார்கள். அது வசவு இல்லை. எங்கள் பேண்டில் ஐந்து பேர் அப்படி. படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் வாசிப்பார்கள், மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும், அதாவது கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன் ஒவ்வொன்றிலும், குறைந்தது ஒருவராவது படிக்கத் தெரிந்தவராக இருந்தால் ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடியும்.

சரி, இசைக்குறிப்பு எங்கே கிடைக்கும்? கடையில் புத்தகம் உண்டா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மரியாச்சிக்குப் பள்ளிகளுக்கான அச்சுப் புத்தகங்கள் இருக்கின்றன. பாந்தாவுக்கு அந்த அளவுக்கு இல்லை. நீங்கள் வானொலியில் கேட்கும் பாட்டுக்குக் கடையில் போய் அச்சுத்தாள் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஏனென்றால் அந்த ஏற்பாடு, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதிய தாள், அந்த பேண்டின் ஏற்பாட்டாளர் கையில் எழுதியது; பேண்டுக்குள்ளேயே தங்கிவிடும். எனவே நான்கு வழி.

ஒன்று, மனிதர்கள். பழைய பேண்டுக்காரர்கள் வீட்டில் கோப்புக் கோப்பாகக் கையெழுத்துத் தாள்கள் இருக்கும். போய்க் கேளுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள், வேலையோடு போங்கள். மாயெஸ்த்ரோவிடம் பழுப்பேறிய தாள்கள் இரண்டு பெட்டி இருந்தன. ஓரங்கள் உதிர்ந்து, சில இடங்களில் காபிக் கறை. அவற்றைக் கணினியில் திரும்ப எழுதித் தருகிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறந்தார். அதில் ஒரு வால்ட்ஸின் மூன்றாம் கிளாரினெட் தாள் மட்டும் காணாமல் போயிருந்தது. அவரே உட்கார்ந்து, கண்ணை மூடி, நாற்பது வருடத்துக்கு முன்னால் வாசித்ததை விரலை மடியில் அசைத்துப் பார்த்து எனக்குச் சொன்னார்; நான் எழுதினேன்.

இரண்டு, ஏற்பாட்டாளர்கள். மெக்ஸிகோவில் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிற நல்ல ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். ‘பர்த்திதூராஸ் பாரா பாந்தா சினலோயென்ஸே’, அதாவது சினலோவா பேண்டுக்கான இசைக்குறிப்புகள், என்று ஸ்பானிஷில் தேடினால் வரும். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எல்லா வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் உண்டா? சர்ச்சேத்தாவுக்கு எழுதியிருக்கிறதா? இரண்டாவதை விட்டுவிட்டு விற்பவர்கள் உண்டு. நம் பேண்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லி எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

மூன்று, காப்புரிமை தீர்ந்த பழைய இசை. ஹுவென்தினோ ரோஸாஸ் 1888-இல் வெளியிட்ட ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’ வால்ட்ஸ் உலகம் முழுக்கத் தெரிந்தது, சர்க்கஸில் கேட்டிருப்பீர்கள். மெக்ஸிகோவில் ஓதோமி பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. பியானோ பிரதி ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கிறது. அதை எடுத்து பேண்டுக்குப் பிரித்து எழுதலாம்.

நான்கு, காது. பதிவைக் கேட்டு நாமே எழுதுவது. எங்கள் பாட்டுகளில் பெரும்பாதி இப்படி வந்ததுதான். நேரம் பிடிக்கும், முதல் இரண்டு பாட்டு சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த வழியில்தான் பேண்டு எப்படிப் பேசுகிறது என்று உள்ளே இருந்து தெரியவரும். மற்ற மூன்று வழிகள் இருந்தாலும் இதை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பதிவிலிருந்து எப்படி எழுதி எடுப்பது? எதில் தொடங்குவது?

கீழிருந்து மேலே. முதலில் டியூபா. வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து டியூபாவை மட்டும் கேட்டு எழுதுங்கள். அது கிடைத்தால் எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு, அதாவது எந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன, என்பது பாதி தெரிந்துவிடும். அப்புறம் சர்ச்சேத்தா: டியூபா சொல்லும் சுரக்கூட்டிலிருந்து இரண்டு சுரம். பிறகு கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன் ஒவ்வொன்றிலும் முதல் குரலை மட்டும் எழுதுங்கள். முதல் குரல்தான் மேலே கேட்கும். இரண்டாம், மூன்றாம் குரல்களை அந்தச் சுரக்கூட்டுக்குள் கீழே அடுக்கலாம். பெரும்பாலும் மூன்றாம், ஆறாம் இடைவெளிதான்.

பாடகர் பாடும்போது எல்லோரும் சேர்ந்து வாசிப்பதில்லை, கவனியுங்கள். முதல் வரிக்குப் பின்னால் கிளாரினெட் ஒரு சின்ன அலங்காரம், அடுத்த வரிக்கு டிராம்போன். எல்லோரும் சேர்ந்து அடிப்பது முன்னிசையிலும் இடையிசையிலும்தான். இதை மறந்து எல்லோருக்கும் எல்லா இடத்திலும் எழுதினால் பாடகர் குரல் மூழ்கிப்போகும். எங்கள் முதல் ஏற்பாடு அப்படித்தான் மூழ்கியது.

எழுத மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் போதும், இலவசம். வாத்தியங்களுக்கு வேறு வேறு சுருதி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி-ஃபிளாட் வாத்தியங்கள், சர்ச்சேத்தா ஈ-ஃபிளாட், டிராம்போனும் டியூபாவும் ஒலிக்கிற சுரத்தையே படிக்கும். பியானோவில் எஃப் என்றால் கிளாரினெட்காரர் தாளில் ஜி, சர்ச்சேத்தா தாளில் டி. மென்பொருளில் வாத்தியத்தின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். நான் முதல் முறை சர்ச்சேத்தாவுக்கு எஃப் ஹார்னைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அன்றைய ஒத்திகையில் இரண்டு சர்ச்சேத்தாவும் ஒரு சுரம் தள்ளியே வாசித்தோம்.

முதலில் எந்தப் பாட்டுகளைப் படிப்பது?

‘லாஸ் மன்யனீதாஸ்’, கட்டாயம். மெக்ஸிகோவில் பிறந்தநாள் என்றால் அதுதான். எளிதான மெட்டு. கேட்காத வீடே இல்லை. அடுத்து ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’ போல ஒரு வால்ட்ஸ், டியூபாவும் சர்ச்சேத்தாவும் பழகிக்கொள்ள. ஹெனாரோ கோதீனாவின் ‘ஸகதேகாஸ் அணிவகுப்பு’ நடையைத் திருத்தும்; அதை இரண்டாவது தேசிய கீதம் என்றே பலர் சொல்வார்கள். பிறகு ஒரு ரஞ்செரா, ஆட்டத்துக்கு ஒரு கும்பியா, மெதுவான காதல் பாட்டாக ஒரு பொலேரோ. இந்த ஆறும் கைக்கு வந்தால் அறுபது பாட்டு வந்த மாதிரி.

செவெரியானோ பிரிசேன்யோ எழுதிய ‘எல் சினலோயென்ஸே’ பாட்டை எல்லோரும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வேகம் அதிகம், தாரோலா சூடு பிடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுங்கள்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

அமெரிக்காவில் 95 வருடத்துக்கு முன்னால் வெளியான இசை பொதுச் சொத்து. மெக்ஸிகோவில் சட்டம் கடுமை: இன்றைய விதிப்படி ஆசிரியர் இறந்து 100 வருடம். உரிமை உள்ள பாட்டை மேடையில் வாசிப்பதற்கான கட்டணத்தைப் பொதுவாக மண்டபமோ நிகழ்ச்சி நடத்துபவரோ செலுத்துவார். மெக்ஸிகோவில் அதை வசூலிப்பது எஸ்ஏசிஎம் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கம். நீங்கள் எழுதிய ஏற்பாட்டை விற்பதற்கோ இணையத்தில் போடுவதற்கோ பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் காசு வாங்கி எழுதிய தாளை நகல் எடுத்து அடுத்த பேண்டுக்குக் கொடுப்பதும் வேண்டாம். அவருடைய சோறு அது.

ஸ்பானிஷ் தெரியாமல் சேரலாமா?

வாசிக்கலாம். எனக்கு முதல் வருடம் எண்களும் ‘மறுபடியும்’ என்ற சொல்லும்தான் தெரியும். பாட மட்டும் மொழி வேண்டும், அதுவும் அந்த ஊர் நாக்கு வேண்டும்.

போதைக் கடத்தல்காரர்களைப் புகழும் பாட்டுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது?

கொரீதோ என்பது கதை சொல்லும் பழைய பாட்டு வகை. புரட்சி, குதிரை, காதல் என்று நூறு கதைகள் அதில் உண்டு. ஆயுதக் கூட்டங்களைப் புகழும் கொரீதோக்களும் இருக்கின்றன. மெக்ஸிகோவில் பல ஊர்களில் அவற்றைப் பொது மேடையில் வாசித்தால் அபராதமே விதிக்கிறார்கள். நாங்கள் வாசிப்பதில்லை. அந்த வன்முறையில் சொந்தக்காரர்களை இழந்தவர்கள் எங்கள் பேண்டிலேயே இருக்கிறார்கள். முன்பணம் வாங்கும்போதே பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிடுவோம். அன்று இரவு வாக்குவாதம் வராது.

எங்கே ஒத்திகை பார்ப்பது? அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா?

இருக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பூட்டிய கார் ஷெட், தேவாலயக் கூடம், கடை மூடிய பிறகு பட்டறை என்று இடம் தேடுங்கள். நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் நிறுத்துங்கள். 2024 மார்ச்சில் மஸத்லானிலேயே கடற்கரை பேண்டுகளின் சத்தம் சுற்றுலாப் பயணிகளுக்குத் தொல்லை என்று விடுதிக்காரர்கள் பேச, இசைக்கலைஞர்கள் வாத்தியத்தோடு தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். போலீஸோடு மோதலும் ஆனது. இந்த இசை பிறந்த கரையிலேயே அந்த நிலைமை.

காதடைப்பு வாங்குங்கள். இசைக்கலைஞர்களுக்கென்று செய்தது கிடைக்கிறது. டிரம்பெட் வரிசைக்கு முன்னால் உட்காருபவருக்கும் தாரோலாக்காரருக்கும் அது விருப்பம் இல்லை, கட்டாயம்.

கச்சேரிக்கு எவ்வளவு வாங்குவது?

மணிக்கணக்கு. மெக்ஸிகோ முழுக்க அதுதான் வழக்கம். குறைந்தது இரண்டு மணி நேரம் பேசுங்கள், பயணச் செலவு தனி. தொகை ஊரையும் பேண்டையும் பொறுத்தது. உங்கள் ஊரில் இருக்கும் மற்ற பேண்டுகளிடம் கேட்டு, அவர்களுக்குக் கீழே விழாமல் வையுங்கள். புதியவர்கள் பாதி விலைக்குப் போனால் பழையவர்களின் வீட்டில் அடுப்பு அணையும். கச்சேரிக்கு அங்கே இசைக்காரர்கள் சொல்லும் சொல் ‘உவேசோ’, எலும்பு. நல்ல எலும்பு கிடைத்ததா என்று கேட்டால் வேலை கிடைத்ததா என்று அர்த்தம்.

பங்கை முதல் கச்சேரிக்கு முன்னாலேயே பேசி எழுதி வைத்துவிடுங்கள். வாத்தியம் பழுதுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். நான் பார்த்த வரை சின்ன பேண்டுகள் உடைவது பாட்டால் இல்லை, இந்தக் கணக்கால்.

உடை?

எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் போதும். பெரிய பேண்டுகள் பூவேலை செய்த கோட்டு சூட்டில் வரும். நாங்கள் கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை.

நம் ஊர் பேண்டு வாத்தியக்காரர்களால் இதை வாசிக்க முடியுமா?

கிளாரினெட், டிரம்பெட் வைத்து ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிப்பவர்களுக்கு மூச்சும் விரலும் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டுக்கும் மூலம் ராணுவ பேண்டுதான். புதிதாகப் பழக வேண்டியது மூன்று குரலில் அடுக்கி வாசிப்பது. நம் ஆட்கள் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். இங்கே பக்கத்தில் இருப்பவர் வேறு சுரம் வாசிக்கும்போது நம் சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். எனக்கே அதற்கு ஒரு வருடம் ஆனது.

எவ்வளவு நாளில் மேடை ஏறலாம்?

வாரம் இரண்டு ஒத்திகை என்றால் ஆறிலிருந்து எட்டு மாதம், ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பாட்டு. முதல் கச்சேரியைத் தெரிந்த வீட்டில் வையுங்கள்.

எங்களுடையது ஒரு பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள். கடைசிப் பாட்டாக ‘எல் நின்யோ பெர்திதோ’, தொலைந்த பிள்ளை. அதில் ஒரு டிரம்பெட்காரர் பேண்டை விட்டுத் தூரமாகப் போய்விடுவார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கூப்பிடுவார், பேண்டு பதில் சொல்லும். கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக்கொண்டே கிட்டே வருவார். எங்கள் பையன் தெருமுனையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்று முதல் வரியை ஊதினான். பாட்டி யார் என்று திரும்பிப் பார்த்தார். அடுத்த வரி பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம். கேட்டைத் திறந்து அவன் உள்ளே வரும்போது பாட்டி எழுந்து நின்று, அவன் வாசித்து முடிக்கும்வரை தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். நான் ‘ப, ப’ என்று வெட்டிக்கொண்டே இருந்தேன்.